இருவருக்கும் ஒரே நாளில் லீவு

தீவு
3.1.2025

அன்புள்ள தம்பி கௌஸ் முகைதீனுக்கு,

அண்ணன் கார்மேகம் எழுதுவது. நான் நலம். நாளைக் காலை நீ படகில் வந்து இறங்கும்போது மெஹர்பானுவையும் பிள்ளைகளையும் நல்லபடியாக விட்டுவிட்டு வந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் வேலை. இரண்டாம் எண் கிரேனின் கேபின் கதவு இறுகிக் கிடக்கிறது. தோளால் ஒரு இடி கொடுத்தால் திறக்கும். கிரேனின் நீண்ட கை, அந்தப் பூமின் நுனியில் பத்து நாளாக ஒரு விரால் அடிப்பான் பருந்து வந்து உட்கார்ந்து மீன் தின்கிறது, காலை ஏழு மணிக்கு முன்னால் பூமை அசைக்காதே. மெத்தையைப் புரட்டிப் போட்டிருக்கிறேன். உன் தலையணை லாக்கரின் மேல்தட்டில் இருக்கிறது. ஆள் மாறும் ரிஜிஸ்டரில் வழக்கம்போல் உன் கையெழுத்தையும் நானே போட்டு வைத்துவிட்டேன். படகுத்துறை ஜெட்டியில் ஒரு டீ குடிக்கவாவது நேரம் மிஞ்சும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நவம்பரில் நீ ஊருக்குப் படகேறும்போது உன் கையில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேனே, அது என்ன ஆயிற்று? ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிப் பதினான்கு நாள். மூணாறு, இரவிகுளம், அங்கிருந்து பரம்பிக்குளம், கடைசியில் முதுமலை. எங்கே தங்குவது, எந்தக் காட்டில் வனத்துறை ஆள் கூட வருவார், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடை, எல்லாம் எழுதியிருந்தேன். அறுபது நாள் ஊரில் இருந்தாய். ஒரு பதில் இல்லை. இந்த அபுதாபித் தீவில் கேமரா போன் கூடாது என்பதால் நான் வரிசையில் நின்று மெஸ் ஹாலிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டேன். "அண்ணே, அப்புறம் பேசுவோமா" என்று வைத்துவிட்டாய். பின்னால் எவனோ மிக்ஸி ஓட்டுகிற சத்தம்தான் எனக்குக் கிடைத்தது.

பதினொரு வருஷமாக நீயும் நானும் ஒரே கட்டிலில் படுக்கிறோம், ஒரே கிரேனை ஓட்டுகிறோம். ஆனால் நான் அறுபது நாள் தீவில் இருந்தால் நீ ஊரில். நீ அறுபது நாள் தீவில் இருந்தால் நான் ஊரில். உன்னை நான் பார்ப்பது, படகு சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் அந்த ஒரு மணி நேரம். பறவை பார்க்கும் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவன் நீ. கேபினில் ஒரு நோட்டு வைத்து, கண்டதையெல்லாம் எழுதத் தொடங்கியவனும் நீ. இப்போது காட்டுக்குப் போவோம் என்றால் மட்டும் உனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது.

இருவரும் ஒரே சமயம் லீவு கேட்க வேண்டும், அவ்வளவுதானே. அப்போது ஊரில் இருக்கிற நீ செப்டம்பர் ஒன்றாம் தேதி திரும்புவதற்குப் பதில் ஐந்து நாள் தாமதமாக வருவாய். நான் பத்து நாள் முன்னதாகக் கிளம்புவேன். ஒன்றாம் கிரேனின் ஹஸ்னைன் நடுவில் பார்த்துக்கொள்ளட்டும். மார்ச்சில் நான் வரும்போது லாக்கரில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜெட்டியில் உனக்கு டீ கிடையாது.

அன்புடன்,
கார்மேகம்

*

தீவு
4.3.2025

அன்பு அண்ணன் கார்மேகம் அவர்களுக்கு,

தம்பி கௌஸ் சலாத்துடன் எழுதுவது. நாளை மறுநாள் நோன்பு திறப்பது வீட்டில் என்ற மகிழ்ச்சியில் இருக்கிறேன். அதைக் கெடுக்கவே உங்கள் நான்கு பக்கத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். கதவுக்கு எண்ணெய் விட்டுச் சரி செய்துவிட்டேன், இனி தோள் வேண்டாம். உங்கள் விரால் அடிப்பான் பிப்ரவரி பாதியில் போய்விட்டது. அதற்கு யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை.

அண்ணே, உங்கள் திட்டம் ராணுவத்தில் ஆள் எடுப்பதைப் போல இருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆறுக்கு நடக்க வேண்டும், பதினொன்றுக்கு வரையாடு வர வேண்டும். வரையாட்டுக்கும் நேரம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பதினாலு கிலோமீட்டர் என்று ஒரு நாளைக்கு எழுதியிருக்கிறீர்களே, என் இடது முழங்காலை நினைத்துப் பார்த்தீர்களா? ஓணம் இந்த வருஷம் செப்டம்பர் ஐந்து. கேரளாவே கிளம்பி மூணாறுக்கு வரும், நாம் வரையாட்டைப் பார்க்க மாட்டோம், கார்களைத்தான் பார்ப்போம். நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன், முதலில் சைலன்ட் வேலிக்குப் போவோம் என்று. சிங்கவால் குரங்கைப் பார்க்காமல் நான் சாக மாட்டேன். உங்கள் நான்கு பக்கத்தில் சைலன்ட் வேலி என்ற சொல்லே இல்லை. யாருடைய பயணம் இது?

ஆனால் நான் பதில் எழுதாமல் இருந்தது அதற்காக இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். போன மாதம் வால்வு பட்டறையில் நான்கு பேரை ஒரே தாளில் வேலையை விட்டு அனுப்பினார்கள். புதிதாக வந்திருக்கும் பெரிய சூப்பர்வைசர் கையில் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு தீவைச் சுற்றி வருகிறார், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை ஆள் என்று குறித்துக்கொள்கிறார். நம் கிரேனுக்குக் கீழேயும் வந்து நின்றார். ஒரு வேலைக்கு இரண்டு ஆள் என்பது மேலே இருப்பவர்களுக்கு மறந்து போயிருக்கிறது, அண்ணே. நாமே போய் அதை ஞாபகப்படுத்த வேண்டாம். இந்த மனிதர் ஒரு வருஷத்தில் வேறு தீவுக்குப் போய்விடுவார் என்கிறார்கள். அடுத்த வருஷம் கேட்போம். காடு எங்கேயும் போகாது.

நீங்கள் என்னைக் கோழை என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில் இந்தக் கிரேனை விட்டால் வேறு எவனும் என்னை ஏணியில் ஏறச் சொல்ல மாட்டான்.

சுந்தராம்பாள் மைனிக்கு என் சலாம். தோசை மாவு அரைக்கிற நேரத்தில் கூப்பிட்டால் மிக்ஸி சத்தம்தான் கேட்கும்.

உங்கள் தம்பி,
கௌஸ் முகைதீன்

*

தீவு
3.5.2025

கௌஸ்,

உன் கடிதத்தை மார்ச் ஐந்தாம் தேதி படித்தேன். அறுபது நாள் அதை மென்றுகொண்டே இருந்திருக்கிறேன். அடுத்த வருஷம், அடுத்த வருஷம். ஆறு வருஷமாக இதே பல்லவி. ஒரு வருஷம் உன் மச்சினன் கல்யாணம். ஒரு வருஷம் கொரோனா. ஒரு வருஷம் உனக்குப் பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரு மனிதர் அட்டையோடு நடந்தாராம், அதற்குப் பயந்து காட்டையே பூட்டிவிட்டாய்.

நான் ஐம்பதைத் தொட்டுவிட்டேன். ஏப்ரல் பதினேழாம் தேதி கேபினில் ஏசி நின்றுவிட்டது. ஏப்ரலிலேயே. இரண்டு மணிக்கு மேல் கைப்பிடியைத் துணி சுற்றித்தான் பிடித்தேன். இதே தீவில் ஆகஸ்டு எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியும், சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். அதே ஆகஸ்டில் அந்த மலை நனைந்து கிடக்கும். ஒரே ஒரு ஆகஸ்டில் என் உடம்பு குளிர வேண்டும். அதையும் தனியாகப் போய்ப் பார்க்க எனக்கு மனசில்லை. நான் தனியாக இருந்து இருந்து சலித்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அதற்கு நீ எனக்கு முழங்காலைக் காட்டுகிறாய்.

அதனால் நீ முடிவெடுக்கக் காத்திருக்கவில்லை. ஏப்ரல் இருபதாம் தேதி நம் இருவர் பேரிலும் லீவு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்ட் 22 முதல் செப்டம்பர் 5 வரை. என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்தையும் போட்டேன். பதினொரு வருஷமாகப் போட்டுப் பழகிய கை, நீ போடுவதைவிட அழகாகவே வந்திருக்கிறது.

கடிதத்தைச் சும்மா எழுதவில்லை. ஆபீஸ் கிளார்க்கை வைத்து நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். மறுக்க முடியாதபடி காரணம் காட்ட வேண்டுமே. வாரத்தில் நான்கு நாள்தான் படகு வருகிறது, மற்ற நாள்களில் இரண்டாம் கிரேன் சும்மாதான் நிற்கிறது, அந்த நாள்களில் ஹஸ்னைன் ஒருவரே இரண்டு கிரேனையும் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம், வேலைக்கு ஒரு குறையும் வராது என்று எழுதினேன். ஹஸ்னைனிடமும் கேட்டேன். "அச்சா பாய், நோ பிராப்ளம்" என்றான். பார், காரியம் எப்படி நடக்கிறது என்று.

உன் சைலன்ட் வேலியையும் சேர்த்துவிட்டேன். இரண்டு நாள். முதலிலேயே வைத்திருக்கிறேன். சந்தோஷமா? ஜூலையில் நீ ஊரில் இருப்பாய். ஜீப், தங்கும் இடம் எல்லாம் பதிவு செய்யும் வேலை உன்னுடையது. இதையாவது செய்.

கேபின் கதவு நன்றாகத் திறக்கிறது.

கார்மேகம்

*

தீவு
2.7.2025

அண்ணன் அவர்களுக்கு,

மே நான்காம் தேதி ஜெட்டியில் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் டீயை மட்டும் நீட்டியபோதே எனக்கு என்னவோ போல் இருந்தது. ரூமுக்கு வந்து கடிதத்தைப் பிரித்தேன். படகு போய்விட்டிருந்தது. இல்லையென்றால் கடலில் இறங்கி வந்து உங்களை இழுத்திருப்பேன்.

ரிஜிஸ்டரில் என் கையெழுத்தைப் போடுவதும் லீவுக் கடிதத்தில் போடுவதும் ஒன்றா? ரிஜிஸ்டரில் கயிறு சரியாக இருக்கிறது, கொக்கி சரியாக இருக்கிறது என்று போடுகிறோம். அதை நானும் பார்த்திருப்பேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்தக் கடிதத்தில் இருப்பதை நான் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். வேண்டாம் என்பேன் என்று தெரிந்துதான் கேட்காமல் போட்டீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

மே இருபதாம் தேதி பெரிய சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் உங்கள் கடிதம். இது உன் கையெழுத்தா என்று கேட்டார். நான் என்ன சொல்ல வேண்டும், அண்ணே? இல்லை என்றால் அன்றைக்கே உங்கள் பேரை அடித்திருப்பார்கள். கள்ளக் கையெழுத்துக்கு இங்கே மன்னிப்பு மாஃபி, கிடையவே கிடையாது. "யெஸ் சார்" என்றேன். இரண்டாம் கிரேன் சும்மா நிற்கிறது என்று எழுதியிருக்கிறாயே, அது உண்மையா என்றார். அதற்கும் யெஸ் சார். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் சொன்னதில்லை.

லீவு கிடைத்துவிட்டது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே போட்டார். உங்களுக்கு அது வெற்றியாகத் தெரியும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்தக் கடிதத்தை மறுபடி கோப்பில் வைக்கவில்லை, தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறு வாரமாக உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். கேபினில் தனியாக உட்கார்ந்து சத்தமாகத் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் வாக்கி டாக்கி பட்டன் அழுந்தி இருந்திருக்கிறது, கீழே நின்ற சிக்னல்காரன் நேபாளி, ஒன்றும் புரியாமல் "ஓகே ஓகே" என்றான்.

ஆனாலும் லீவு வந்துவிட்டது. வந்ததை என்ன செய்வது? ஊருக்குப் போனதும் சைலன்ட் வேலிக்கு வண்டி கிளம்பும் முக்காலி ஊரில் ஜீப்புக்குப் பதிவு செய்கிறேன். காட்டில் அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கப் போட முழங்கால் வரை வரும் துணிச் சாக்ஸ் அபுதாபியில் தேடினேன், கிடைக்கவில்லை. பாலைவனத்தில் அட்டைக்கு எதைக் கேட்டாலும் கடைக்காரன் ஒரு மாதிரிப் பார்க்கிறான். மெஹர்பானுவைத் தைக்கச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு ஜோடி. உங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை, நீங்கள் நடுக்காட்டில் உட்கார்ந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தால் என் நேரம் வீணாகும்.

இனி என் பேரை எங்கேயும் எழுதாதீர்கள்.

கௌஸ் முகைதீன்

*

கீழக்கரை
3.8.2025

கார்மேகம்,

மெஸ் நிஜாம் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நீ போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். எடுத்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஜூலை இருபத்தொன்பதாம் தேதி கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நான் துணிக்கடையில் இருந்தேன், அந்த அட்டைச் சாக்ஸுக்குத் துணி வாங்க. போனில் படித்தேன். இரண்டாம் கிரேனுக்கு இனி ஒரே ஆள். நூற்றிருபது நாள் வேலை, முப்பது நாள் லீவு. அந்த முப்பது நாள் ஹஸ்னைன் பார்த்துக்கொள்வான். ஆகஸ்ட் முதல் தேதியன்று தீவில் இருப்பவர் தொடர்வார். ஊரில் இருப்பவர் திரும்பி வர வேண்டாம்.

உன் முறை நடந்துகொண்டிருந்தது, நீ இருந்தாய். என் முறையாக இருந்திருந்தால் நான் இருந்திருப்பேன். அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது. பதினொரு வருஷத்தை அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட்டார்கள்.

காரணம் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். "மேற்படி ஊழியர்கள் இருவரும் தாங்களே எழுத்து மூலம் தெரிவித்தபடியும், நேரில் உறுதி செய்தபடியும்" என்று. உன் ஆங்கிலம்தான். அந்தக் கிளார்க் எழுதிக் கொடுத்த அழகான ஆங்கிலம். இரண்டாம் கிரேன் சும்மா நிற்கிறது. ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். ஒரு குறையும் வராது. உன்னைக் காப்பாற்ற நான் சொன்ன "யெஸ் சார்" அதற்குக் கீழே சாட்சியாக நிற்கிறது.

நான் உன்னிடம் சொன்னேன். எழுதியே கொடுத்தேன், மறந்திருப்பவர்களுக்கு நாமே ஞாபகப்படுத்த வேண்டாம் என்று. அதைப் படித்துவிட்டு நீ போய் ஞாபகப்படுத்தினாய். என் கையால் ஞாபகப்படுத்தினாய். என் வேலை போனதற்கான தாளில் என் கையெழுத்து இருக்கிறது, நான் போடாத கையெழுத்து. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? மெஹர்பானுவிடம் சொன்னேன். ஏன் யெஸ் சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள்.

முந்தாநாள் சென்னைக்குப் போய் ஏஜெண்டைப் பார்த்தேன். வயதைக் கேட்டான். சொன்னேன். எனக்கு டீ சொல்லிவிட்டு, ஃபைலைத் திறக்காமலே மூடினான். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

என் சாமான் உன் லாக்கரில் இருக்கிறது. உன் லாக்கர் என்றுதான் இனி எழுத வேண்டும். யார் கையிலாவது கொடுத்து அனுப்பு. உன்னை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் எப்போது தெரிந்தது? உன்னை நான் பார்த்ததெல்லாம் ஜெட்டியில் ஒரு மணி நேரம்.

கௌஸ் முகைதீன்

*

தீவு
12.8.2025

தம்பி கௌஸுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒரு பதில் எழுதினேன். அதில் உன்னைத்தான் திட்டியிருந்தேன். நீ ஆறு வருஷம் இழுத்தடித்ததால்தான் நான் இப்படிச் செய்ய வேண்டியிருந்தது, நீ முதலிலேயே தைரியமாகச் சரி என்றிருந்தால் ஒழுங்காகச் சேர்ந்தே எழுதியிருப்போம் என்று மூன்று பக்கம். எழுதி முடித்துப் படித்தேன். எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

தப்பு என்னுடையது. உன் கையெழுத்தை நான் போட்டிருக்கக் கூடாது. நீ கேட்ட அந்த ஒரு வருஷத்தை உனக்குக் கொடுத்திருக்க வேண்டும். என்னை நீ என்று எழுதியிருந்தாய், இன்னும் கீழே இறங்கி எழுதியிருந்தாலும் நான் வாங்கிக்கொள்ள வேண்டியவன்தான்.

ஏழாம் தேதி பெரிய சூப்பர்வைசரிடம் போனேன். அந்தக் கடிதத்தில் கௌஸ் கையெழுத்து அவன் போட்டதில்லை, நான் போட்டது, அவனுக்குத் தெரியவே தெரியாது, அவன் என்னைக் காப்பாற்ற ஆமாம் என்றான், நடவடிக்கை எடுப்பதென்றால் என் மேல் எடுங்கள், அவனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். கிளார்க்கைக் கூட்டிக்கொண்டுதான் போனேன், என் ஆங்கிலம் போதாது என்று. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் ரிஜிஸ்டரில் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போடுவது எனக்கு வந்த முதல் வாரமே தெரியும், கையெழுத்து யாருடையதாக இருந்தால் என்ன, கிரேன் சும்மா நிற்பது உண்மைதானே என்றார். கலாஸ், முடிந்தது என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான். என்னைத் தண்டிக்கக்கூட அந்த மனிதருக்கு நேரம் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேசையைக் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை. வெளியே வந்து நிழலில் உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வேலையை நான் விடுகிறேன், நீ வந்து சேர்ந்துகொள் என்று எழுத ஆசைப்பட்டேன். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். எழுத முடியவில்லை. மகள் பானுப்பிரியாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் படிப்பு இருக்கிறது. நான் விட்டாலும் அவர்கள் உன்னைக் கூப்பிட மாட்டார்கள், வேறு ஒருவனைப் போடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்காக மட்டும் விடாமல் இருக்கவில்லை. பயத்தினாலும்தான். உன்னைக் கோழை என்று மனசுக்குள் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, கௌஸ்.

உன் சாமானை லீவில் ஊருக்கு வரும் விமலிடம் கொடுத்து அனுப்புகிறேன். தொழுகை விரிப்பு, கண்ணாடி, முழங்கால் தைலம், மூன்று சட்டை, நம் பறவை நோட்டு. நோட்டு உன்னுடையது, நான் வைத்துக்கொள்ள மாட்டேன். தலையணை அவன் பையில் நுழையவில்லை. நீ வேண்டும் என்றால் நான் வரும்போது கொண்டு வருகிறேன்.

இதில் ஒரு கேவலம் என்னவென்றால், நமக்குக் கொடுத்த லீவை அவர்கள் ரத்து செய்யவில்லை. உன் வேலையை எடுத்துவிட்டார்கள், அந்தப் பதினான்கு நாள் மட்டும் அப்படியே இருக்கிறது. போர்டில் இன்னும் நம் இருவர் பேரும் ஒரே வரியில் நிற்கிறது. செப்டம்பர் ஆறாம் தேதி நான் திரும்ப வேண்டும். பிறகு நூற்றிருபது நாள்.

நான் எந்த மலைக்கும் போகப் போவதில்லை. எந்த முகத்தோடு போவேன்? கமுதிக்குப் போய் வீட்டில் படுத்துக் கிடப்பேன். நீ பதிவு செய்ததையெல்லாம் ரத்து செய்துவிடு. நீ எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

கார்மேகம்

*

கீழக்கரை
18.8.2025

அண்ணன் கார்மேகம் அவர்களுக்கு,

இதைக் கமுதிக்கு உங்கள் வீட்டு விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். இருபத்து மூன்றாம் தேதி நீங்கள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மைனி கையில் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடம் போனில் சொல்லியும் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஆகவே வீட்டில் நிம்மதியாகப் படுத்துக் கிடக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சாமான் வந்து சேர்ந்தது. தைலப் புட்டியின் மூடியை யார் மூடியது? சட்டை மூன்றிலும் தைலம். ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்ய மாட்டீர்களா?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீங்கள் வேலையை விடுகிறேன் என்று எழுதியிருந்தால் அதைக் கிழித்துப் போட்டிருப்பேன், அது பொய் என்று எனக்குத் தெரியும். விட மாட்டேன் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்கு மேல்தான் படிக்க முடிந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். ஆனால் இதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். காலையில் பல் தேய்க்கும்போது உங்கள் மேல் கோபம் வருகிறது. சாப்பிடும்போது வருகிறது. படகுச் சத்தம் கேட்டால் வருகிறது, கீழக்கரையில் இருந்துகொண்டு படகுச் சத்தம் கேட்காமல் இருக்க முடியுமா? உங்களை நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டர் செப்டம்பர் எட்டாம் தேதி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். கிடைக்கும் என்று எழுத மாட்டேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிறவராகவும் இருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரத்து செய்துவிடு என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள். கேட்காமல் லீவு எழுதிக் கொடுத்தது நீங்கள், கேட்காமல் ரத்து செய்வதும் நீங்கள்தானா? இந்தப் பதினான்கு நாளுக்கு நான் என் வேலையைக் கொடுத்திருக்கிறேன், அண்ணே. உலகத்தில் இதைவிட விலை கூடின லீவை எவனும் வாங்கியிருக்க மாட்டான். இதை வீட்டில் படுத்துக் கழிக்க நீங்கள் யார்? எதையும் ரத்து செய்யவில்லை. செய்ய மாட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி மாலை மண்ணார்க்காடு பஸ் நிலையத்தில் இறங்குங்கள். நான் அங்கே இருப்பேன். மறுநாள் முக்காலியிலிருந்து ஜீப். மழை பெய்தாலும் போகிறோம். அட்டைச் சாக்ஸ் இரண்டு ஜோடியும் மெஹர்பானு தைத்து முடித்துவிட்டாள். உங்களுடையதைத் தைக்கும்போது ஊசியைக் கொஞ்சம் வேகமாகத்தான் குத்தினாள்.

பதினொரு வருஷத்தில் நாம் இருவரும் சேர்ந்து இருந்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். மூன்று நாள்கூட ஆகவில்லை. சண்டை போடக்கூட நமக்கு நேரம் கிடைத்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் படகுக்காரன் ஹாரன் அடித்துவிடுவான், மீதியை எழுதி லாக்கரில் வைத்துவிட்டு அறுபது நாள் காத்திருப்பேன். இவ்வளவு பெரிய கோபத்தை எழுதித் தீர்க்க என்னால் முடியாது. முகத்துக்கு நேரே திட்ட வேண்டும். ஏற்றத்தில் திட்டுவேன், இறக்கத்தில் திட்டுவேன், குரங்கு வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்துவேன். நீங்கள் பதில் பேசுங்கள், பேசாமல் இருங்கள், அது உங்கள் இஷ்டம். கூட நடக்க வேண்டும்.

இத்தனை வருஷமாக நீங்கள் வந்து இறங்கினால் நான் கிளம்ப வேண்டியிருந்தது. இனி நீங்கள் வந்து இறங்கினாலும் நான் அங்கேயேதான் நிற்பேன். நீங்கள் செய்த காரியத்தில் எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான், இதையும் கெடுத்துவிடாதீர்கள். ஜீப் காலை எட்டு மணிக்கு.

கௌஸ் முகைதீன்